வரத்து நின்ற பனியாறு: கெர்கெலன் நாட்குறிப்பு

நாள் 1 – லே போர் துறைமுகம், ரீயூனியன்

போகிற தீவுக்கு வெளியூர்ச் செடி எதுவும் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று இன்று முழுக்க விதை பொறுக்கினோம். பூட்ஸ் அடியில், பை மடிப்புகளில், மழைக்கோட்டின் மணிக்கட்டில் ஒட்டுகிற வெல்க்ரோவில், எங்கெல்லாம் ஒரு புல்விதை ஒளிந்துகொள்ள முடியுமோ அங்கெல்லாம் ஊசியாலும் தூரிகையாலும் கிளறி, அப்புறம் தூசி உறிஞ்சும் இயந்திரத்தையும் ஓட்டி, அதற்குப் பிறகுதான் கப்பலில் ஏறவிட்டார்கள். என் பழைய பையின் அடித்தையலில் ஒரு முள்விதை சிக்கியிருந்தது. அது எந்த ஊர் விதை என்று தெரியவில்லை, புதுச்சேரிப் பக்கத்து எங்கள் ஊரான பாகூரின் வரப்பிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். அதை உறையில் போட்டு ஒட்டிக் குப்பையில் சேர்த்த பிறகுதான் நிம்மதி.

போகுமிடம் கெர்கெலன். ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவில், 49 பாகை தெற்கில், மை தெறித்தது மாதிரி வரைபடத்தில் தெரியும் எரிமலைத் தீவுக்கூட்டம். விமான ஓடுதளம் கிடையாது. ஆண்டுக்குச் சில தடவை இங்கிருந்து கிளம்பும் 'மரியோன் துஃப்ரென்' கப்பல்தான் வழி, 1995இல் கட்டியது, 120 மீட்டர் நீளம், ஆட்களும் எண்ணெயும் காய்கறியும் ஆய்வுக்கருவிகளும் ஹெலிகாப்டரும் எல்லாம் அதில்தான்.

நான் ஆய்வாளன் இல்லை. கருவி பழுதுபார்ப்பது, சுமை தூக்குவது, பனியில் துளை போடுவது, இதற்காக ஒரு பனியாற்றுக் குழுவோடு போகிற உதவியாள். எங்கள் தாத்தா 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர், அதனால்தான் படிப்பும் வேலையும் பிரான்சில் அமைந்தன, இந்தப் பயணமும் வாய்த்தது. பார்க்கப்போவது ஆம்பேர் என்ற பனியாறு. அது சுருங்கிக்கொண்டே வருகிறது என்பது மட்டும்தான் இப்போதைக்கு எனக்குத் தெரியும்.

நாள் 3 – கடல்

சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவர் ரீயூனியன்காரர், அறுபதை நெருங்குகிறவர். என் முகத்தைப் பார்த்ததும் "மல்பாரா?" என்று கேட்டார். தமிழ் வம்சாவளியினரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவருடைய முன்னோர் காரைக்காலில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களாம், ஊர்ப் பெயர் மறந்துபோயிற்று, மொழியும் போயிற்று. ஆனால் முருங்கைக் கீரையை 'ப்ரேட் முருங்' என்கிறார், வருடா வருடம் காவடி எடுக்கிறார். நான் பாகூர் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் யாருக்கும் கொடுக்காத எலுமிச்சை ஊறுகாயில் ஒரு கரண்டி எனக்கு மட்டும் வந்தது.

காற்று குளிர ஆரம்பித்துவிட்டது.

நாள் 6 – குரோசே தீவுகள்

இங்கே போசெஸியோன் தீவில் சரக்கு இறக்கினார்கள். கரையில் ராஜ பெங்குவின்கள் அடை அடையாக நிற்கின்றன, சத்தமும் நாற்றமும் கப்பல் வரைக்கும் வருகின்றன. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று உடம்பு முடியவில்லை. நேற்று இரவு முழுக்கக் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. நாற்பது பாகைக்குத் தெற்கே காற்றைத் தடுக்கப் பெரிதாக நிலமே இல்லை, உலகத்தை ஒரு சுற்று சுற்றி வருகிற காற்று அது.

நாள் 9 – போர்-ஓ-ஃபிரான்சே, கெர்கெலன்

காலை ஐந்து மணிக்கு மேல்தளத்தில் யாரோ கத்தினார்கள், எல்லோரும் ஓடினோம். முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மேகத்துக்குக் கீழே படி படியாகக் கறுப்பு மலைகள், ஒவ்வொரு படியும் ஒரு எரிமலைக் குழம்பு ஓட்டம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆறிப்போனவை. தெற்கே ரோஸ் சிகரம் கொஞ்ச நேரம் முகம் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. 1,850 மீட்டர், இந்தத் தீவுகளில் அதுதான் உயரம், 1975 வரைக்கும் அதன் உச்சியில் யாரும் கால் வைக்கவில்லை.

குழுவில் இருக்கும் நிலவியல்காரர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தீவுகளைக் கடலுக்கு அடியிலிருந்து கட்டியெழுப்பிய அதே வெப்பப்புள்ளி, அதாவது பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பு மேலெழும் இடம், பதினோரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நம் கிழக்கிந்தியாவில் ராஜ்மகால் குன்றுகளின் கறுப்புப் பாறையையும் கொட்டியது என்கிறார்கள். இந்தியா அதன்மேல் வடக்கு நோக்கி நகர்ந்து போக, நகர்ந்த தடம் வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடியில் 90 பாகை கிழக்கை ஒட்டி ஏறக்குறைய 5,000 கி.மீ. நீளத்துக்கு ஒரு மலைத்தொடராகக் கிடக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோட்டின் பக்கம்தான் பார்த்திருக்கிறேன், தெரியாமலே.

பிரெஞ்சு மாலுமி கெர்கெலன் 1772 பிப்ரவரியில் இந்தக் கரையைக் கண்டார். 1776 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த ஜேம்ஸ் குக் இதற்குப் பாழ்தீவு என்று பெயர் வைக்கலாம் என்று எழுதினார். அப்படிச் சொன்ன அவர் பெயரையே இங்குள்ள மிகப்பெரிய பனிப்பரப்புக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போகிற ஆம்பேர் அந்தக் குக் பனிப்பரப்பிலிருந்து தெற்குப் பக்கமாக இறங்குகிற ஒரு கிளை.

போர்-ஓ-ஃபிரான்சே ஆய்வுத்தளம் 1950இல் அமைத்தது. கோடையில் நூறு பேர் அளவுக்கு, குளிர்காலத்தில் அதில் பாதிக்கும் குறைவு. களப்பணிக்கு இங்கே எல்லோரும் சொல்லும் சொல் 'மனிப்'. "எந்த மனிப்?" என்றுதான் புது ஆளைக் கேட்கிறார்கள். "பனியாறு" என்றால் கொஞ்சம் மரியாதையோடு தோளைப் பார்க்கிறார்கள், தூக்க வேண்டிய சுமை அப்படி.

மாலையில் தளத்தைச் சுற்றி நடந்தோம். தரையோடு படர்கிற அசேனா என்ற செடி இந்தத் தீவின் சொந்தக்காரி, பல இடங்களில் பழுப்பேறிக் காய்ந்து கிடக்கிறது. அது விட்ட இடத்தில் டாண்டலியன் என்ற களை ஐரோப்பாவிலிருந்து வந்து மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. முயல் கடித்ததா என்று கேட்டேன். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் குழு விட்டுப்போன முயல்கள் இந்தத் தீவைப் பாதி மொட்டையடித்துவிட்டன என்று படித்திருந்தேன். முயலும்தான், ஆனால் முயலை ஒழித்த குட்டித் தீவுகளிலேயே இது காய்கிறது, கோடை மழை குறைந்துவிட்டது என்றார் தாவரவியல் பெண். எப்போது பார்த்தாலும் தூறிக்கொண்டிருக்கும் ஊரில் மழை போதவில்லை என்ற பேச்சு எனக்கு விசித்திரமாகப் பட்டது. நாளை மறுநாள் பனியாற்றுக்கு.

நாள் 11 – ஆம்பேர்

ஹெலிகாப்டர் எங்கள் நால்வரையும் மூட்டைகளையும் இறக்கிவிட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போனது. சத்தம் போனதும்தான் இடம் தெரிந்தது. முன்னால் பால் கலந்த சாம்பல் நிறத்தில் பெரிய ஏரி. அதற்கு அப்பால் பனியாற்றின் முனை, அழுக்கு வெள்ளை, நடுவில் நீலப் பிளவுகள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர்.

குழுவின் மூத்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்தார். 1970களில் இங்கே ஆய்வு செய்த பிரெஞ்சுக் குழு எடுத்தது. மலைக்கோட்டைப் பொருத்தி நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரை மணி ஆயிற்று. ஏனென்றால் படத்தில் ஏரியின் இந்தப் பரப்பே இல்லை, அந்த இடத்தில் பனி நிற்கிறது. பக்கவாட்டுச் சுவரில் ஓர் உயரத்துக்குக் கீழே பாறை வெளிறி, பாசியே பிடிக்காமல் இருக்கிறது பாருங்கள் என்றார், அதுதான் பழைய பனிமட்டம். கழுத்தை அண்ணாந்துதான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் நின்றுகொண்டிருந்த காற்று முழுக்க ஒரு காலத்தில் பனி.

1963இல் கெர்கெலன் தீவுகளில் மொத்தம் 703 சதுர கி.மீ. பனி இருந்தது, 2001இல் 552. குக் பனிப்பரப்பு மட்டும் 501லிருந்து 403க்கு வந்துவிட்டது. ஓரம் மட்டும் உள்வாங்கியது என்றில்லை, அந்த ஆண்டுகளில் பனியின் கனமும் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை மீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. இதெல்லாம் கப்பலில் படித்தது. படித்தபோது எண்ணாக இருந்தது, அந்த வெளிறிய கோட்டைப் பார்த்த பிறகு எண்ணாக இல்லை.

சரி, கேபின். மரப்பலகை, நான்கு படுக்கை, கூரையை இரும்புக் கம்பியால் தரையோடு கட்டிவைத்திருக்கிறார்கள். மாலை வானொலியில் தளத்திலிருந்து ஒவ்வொரு கேபினாகக் கூப்பிட்டு நலமா என்று கேட்கிறார்கள். நாங்கள் நான்கு பேரும் நலம்.

நாள் 12

விடிந்ததும் கல்மேட்டில் ஏறினோம். பனியாறு பல நூறு ஆண்டுகளாகத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய கற்கள், குழுவில் மொரேன் என்பார்கள், ஒரு கல்லும் இன்னொரு கல்லோடு ஒட்டி நிற்பதில்லை, கால் வைத்தால் மேடே உருள்கிறது. அதைத் தாண்டிப் பனியில் கால் வைத்ததும் பூட்ஸில் முள்தகடு கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றில்.

வேலை இதுதான். சிறு கொதிகலன் ஒன்று, கேஸ் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியை நீண்ட குழாய் வழியாக அனுப்பும். குழாய் முனையைப் பனியில் வைத்தால் அது உருக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். அந்தத் துளையில் இரண்டு மீட்டர்க் குச்சிகளைக் கயிற்றால் கோத்து இறக்கிவிட வேண்டும். பனி கரையக் கரைய மேல் குச்சி வெளியே தெரியும், அப்புறம் முழுதும் வெளிப்பட்டுச் சாய்ந்துவிடும், அடுத்தது தெரிய ஆரம்பிக்கும். அடுத்த ஆண்டு வந்து எத்தனை குச்சி வெளியே கிடக்கிறது என்று எண்ணினால் அந்த இடம் எவ்வளவு இளைத்தது என்று தெரிந்துவிடும். எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு எளிய பொருளால் அளக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது, எங்கள் ஏரி மதகில் அடி அளவு எழுதிய கல்தூண் நிற்குமே, அதே யோசனைதான், தலைகீழாக.

போன முறை நட்டவற்றில் கீழ்ப்பகுதியில் இருந்த முதல் குச்சியைத் தேடிப்போனோம். ஜி.பி.எஸ். காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மொத்தக் கோவையும் பனியின்மேல் படுத்துக் கிடந்தது, கயிறு காற்றில் ஆடிக்கொண்டு. ஒரு துண்டுகூட உள்ளே மிச்சமில்லை. எங்கள் தலைவி குனிந்து அதைக் கையில் எடுத்து, சாயம் போன எண்ணைத் துடைத்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டார். முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குச்சியைத் தூக்கி எறியாமல் தன் பையில் சொருகிக்கொண்டதைப் பார்த்தேன்.

சாப்பிடும்போது தலைவியிடம் கேட்டேன், சூடு இவ்வளவா ஏறிவிட்டது இங்கே? இன்றும் கை விறைக்கிறதே. அப்போது அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். சூடு ஏறியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் 2016இல் வெளிவந்த ஆய்வு, இந்தப் பனியாறுகள் இவ்வளவு வேகமாகக் கரைவதற்கு முதன்மைக் காரணம் வறட்சி என்கிறது. போர்-ஓ-ஃபிரான்சேயில் 1951 முதல் வானிலைக் குறிப்பு எழுதிவருகிறார்கள், அதில் மழையும் பனியும் குறைந்தது தெரிகிறது. மேற்கிலிருந்து புயலைக் கொண்டுவரும் காற்றுப்பட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தென்துருவத்தை நோக்கி நகர்ந்துவிட்டது, ஓசோன் ஓட்டையும் நாம் விடுகிற புகையும் சேர்ந்து அதைத் தள்ளுகின்றன. புயல் தெற்கே தள்ளிப் போகிறது, பனி இங்கே விழ மாட்டேன் என்கிறது. புதுப்பனி வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். அது விழாவிட்டால் அடியிலிருக்கும் பழைய கறுத்த பனி வெளியே வந்து வெயிலைக் குடிக்கிறது. வருவதும் குறைவு, போவதும் அதிகம்.

எனக்கு உடனே பாகூர் ஏரிதான் நினைவுக்கு வந்தது. பங்காரு வாய்க்காலில் தென்பெண்ணைத் தண்ணீர் வந்தால்தான் எங்கள் ஏரி ஏரி. தாத்தா கோடையில் ஏரி வற்றிக்கிடப்பதைப் பார்த்துக் கவலைப்பட்டு நான் கண்டதேயில்லை, வெயில் குடித்தால் குடிக்கட்டும் என்பார். கார்த்திகை பிறந்தும் வாய்க்கால் காய்ந்து கிடந்தால்தான் தூக்கம் வராது அவருக்கு. "வரத்து நின்னுடுச்சுடா" என்பார், ஒரு சாவு செய்தி சொல்கிற குரலில். பனியாறு என்றால் உருகுகிற பொருள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கும் வரத்து உண்டு, மேலே வானத்தில் அதன் வாய்க்கால் இருக்கிறது, அந்த வாய்க்கால் இடம் மாறிவிட்டது. தூர் வாரப் போகிற வாய்க்காலா அது?

பிரெஞ்சில் 'வரத்து' என்பதை எப்படிச் சொல்வதென்று தேடித் தேடி, கடைசியில் கையால் நிலத்தில் கோடு போட்டு ஏரியும் வாய்க்காலும் வரைந்து காட்டினேன். தலைவி கொஞ்ச நேரம் பார்த்தார். "வரத்து" என்று தமிழிலேயே ஒரு தடவை சொன்னார்.

நாள் 13

காற்று. கதவைத் திறக்க முடியவில்லை. வெளியே போன ஒரே தடவை, தண்ணீர்க் குடத்தோடு என்னையும் தரையில் சாய்த்தது, முழங்கை வீங்கியிருக்கிறது. இங்கே மணிக்கு 150 கி.மீ. எல்லாம் அடிக்கடி பார்க்கிற காற்றுதானாம். பனியாறு விலகிய சமவெளியிலிருந்து நுண்ணிய சாம்பல் புழுதி கிளம்பி ஜன்னல் இடுக்கில் எல்லாம் புகுந்துவிட்டது, ரொட்டியில் நறநறக்கிறது.

நாள் 14

காற்று ஓய்ந்தது. கேபினுக்கு மேலே முயல் ஏற முடியாத பாறைவிளிம்பில் கெர்கெலன் முட்டைக்கோஸ் பார்த்தேன். பழைய மாலுமிகள் பல்லீறு அழுகும் நோய்க்கு இதைத்தான் தின்று பிழைத்தார்கள். இலை மடிப்பை விரித்தால் உள்ளே இறக்கையே இல்லாத ஈக்கள் நடந்துபோகின்றன. பறந்தால் காற்று கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிடும் என்று பறப்பதையே கைவிட்ட ஈக்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் போக முடியாத உயிர் இது, இந்தக் காற்றையும் இந்த ஈரத்தையும் நம்பித்தான் உடம்பை அமைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஈரம் குறைகிறது என்று இப்போது தெரிந்தபின் அந்த இலையை மூடிவிட்டு வர மனம் வரவில்லை.

நாள் 15

இன்று மேலே போனோம், பனியாற்றின் மேல்பகுதிக்கு. குக் பனிப்பரப்பின் உச்சியே ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல்தான், அதனால் இங்கே கொஞ்சம் சூடு ஏறினாலும் மழை பனியாக விழாமல் மழையாகவே விழுந்துவிடும், விழுந்த கொஞ்சத்தையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும் என்றார் மூத்தவர். நடுவில் பனிக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பாறை தலைநீட்டியிருக்கிறது. பழைய படத்தில் அந்த இடம் வழவழவென்று வெள்ளையாக இருக்கிறது. போகப் போகப் பனிக்கு நடுவே இப்படித் தீவு தீவாகப் பாறை வரும், பாறை கறுப்பு, வெயிலில் சூடேறும், சுற்றியுள்ள பனியை அதுவே கரைக்கும்.

அந்தப் பாறையில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. எரிமலைச் சூடு இல்லை, அரை மணி நேர வெயில்தான்.

திரும்பும்போது பனி பெய்தது. பெரிய பெரிய செதிலாக, காற்றில்லாமல், நேராக. நான்கு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் நின்றுவிட்டோம். தலைவி கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினார். ஐப்பசியில் முதல் மழைக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையை விட்டு இறங்கி முற்றத்தில் நிற்பார்கள், அதே நிற்பு. இருபது நிமிடம் பெய்தது. கீழே இறங்குவதற்குள் மழையாக மாறிவிட்டது.

நாள் 17 – கடைசி நாள் பனியில்

முனையை அளந்தோம். ஜி.பி.எஸ். கருவியைத் தூக்கிக்கொண்டு ஏரியை ஒட்டிய விளிம்பு நெடுக, நெருங்க முடிகிற இடம் வரை நடந்தோம். நடந்துகொண்டிருக்கும்போதே எதிர்முனையில் ஒரு வீடு அளவுப் பனிக்கட்டி இடிந்து ஏரியில் விழுந்தது. முதலில் விழுந்தது தெரிந்தது, சத்தம் அப்புறம்தான் வந்தது, அதற்கும் அப்புறம் அலை வந்து எங்கள் காலடிக் கற்களை நனைத்தது. மூத்தவர் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார். இது இவருடைய கடைசி மனிப், அடுத்த ஆண்டு ஓய்வு. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் பிரதி ஒன்றைக் கேபின் சுவரில் ஒட்டிவிட்டு, இன்று அதே இடத்தில் நின்று நாங்கள் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார், அச்செடுத்து அடுத்த குழுவிடம் கொடுத்தனுப்புவாராம்.

கடைசித் துளையை என்னைப் போடச் சொன்னார்கள். கீழ்ப்பகுதியில், அந்தப் படுத்துக்கிடந்த குச்சியின் பழைய இடத்தில். முழங்கை வலித்தது, மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். குழாய் கையிலேயே சூடாகிக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கியது, உள்ளிருந்து மூச்சு மாதிரி ஆவி வந்தது. போன தடவையைவிட ஆழமாகவே போடச் சொன்னார் தலைவி, கேஸ் தீரும்வரை போட்டேன். கோவையை இறக்கி, மேல் குச்சியில் எண் எழுதி, மேலே சிவப்பு நாடா சுற்றினேன். இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அது இப்போது வெளியே தெரிகிறது. அடுத்த கோடையில் வருகிறவர்களே, ஒரு குச்சியாவது உள்ளே நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த முடிச்சைப் போட்டிருக்கிறேன்.

ஹெலிகாப்டர் நாளை காலை, வானம் விட்டால்.